கொள்கலமும் மீகாமனும்

மரக்கலத்தைச் செலுத்துவோனை மீகாமன் என்பது பழந்தமிழ் வழக்கு. அப்பொருளையே தரும் கிரேக்கச் சொல்லாகிய கூபர்நெட்டீஸ் என்பது இக்காலத்தில் ஒரு கணினி முறைக்குப் பெயராக வழங்குகின்றது. அதனால் இயல்வது இன்னது, இயலாதது இன்னது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெரும்பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி, நியூவார்க் துறையினின்று ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டியினுள் உள்ள சரக்கு யாதாயினும், அதனை ஏற்றி இறக்கும் முறை ஒன்றேயாயிற்று. இக்கருத்தே பின்னர்க் கணினித் துறையிலும் புகுந்தது. ஒரு கணினியில் செவ்வனே நடைபெற்ற நிரல் பிறிதொன்றில் இயங்காது நின்றுவிடுதல் பெருந்தொல்லையாக இருந்தது. ஆகலின், நிரலையும் அதற்கு வேண்டுந் துணைப்பொருள்களையும் ஒருங்கே அடைத்துக் கொள்கலமாக்கினர். இதனையே கண்டெய்னர் என்பர். 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னுங் கருவி இதனை எளிதாக்கியது.

கொள்கலங்கள் பல்கிப் பெருகிய பின், அவற்றைக் கண்காணிப்போர் யாவர்? இவ்வேலைக்கெனக் கூகிள் நிறுவனத்தார் 2014-இல் கூபர்நெட்டீஸை வெளியிட்டனர். அதன் 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. வாடகைக்குக் கொண்ட பல சர்வர்களை அஃது ஒரு தொகுதியாக ஆளும். “இந்நிரலுக்கு எந்நேரமும் 3 கொள்கலங்கள் வேண்டும்” என எழுதிவைத்தல் நம் கடமை. எழுதிய நிலையையும் உள்ள நிலையையும் இடையறாது ஒப்புநோக்கிக் குறையை நிரப்புதல் அதன் கடமை. நள்ளிரவில் ஒன்று வீழினும், எவரையும் எழுப்பாமல் வேறொன்றை நிறுவும். ஒரு சர்வரே பழுதுறின், பிறவற்றில் அமைக்கும்.

எனினும், ஈண்டு ஒன்று கருதற்பாலது. வீழ்ந்த கொள்கலம் மீண்டும் எழுவதில்லை. அதன் இடத்தில் புதியதே தோன்றுகின்றது. பழையதனுள் எழுதப்பட்டவை அதனோடே அழியும். ஆதலின், காக்கவேண்டிய தரவுகளைப் புறத்தேயுள்ள நிலையான சேமிப்பில் வைத்தல் வேண்டும். அங்கும் மனிதர் கை தவறின் மீகாமனால் ஆவதொன்றில்லை.

இதற்குச் சான்றாக, கூபர்நெட்டீஸோடு தொடர்பற்றதாயினும், கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ஆம் நாள் நிகழ்ந்ததைக் கூறலாம். அங்குப் பணியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என மயங்கி, நடப்பிலிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்புப்படியைத் தேடியபொழுதுதான், நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய படிகள் எடுக்கப்படவேயில்லை என்பது தெரிந்தது. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் வேறொரு காரணம் பற்றி எடுத்திருந்த படியொன்றே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனத்தார் இதனை மறையாது உலகிற்கு வெளியிட்டமை பாராட்டற்குரியது.

நண்பர்காள்! நம்மில் பலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளக்கூடும். காப்புப்படி உளதென்று நம்பியிருத்தல் போதாது. அதனின்றும் தரவுகளை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். கலத்தைச் செலுத்த மீகாமன் உளன். சரக்கிற்குப் பொறுப்பாளர் நாமே.