வீடு மாறலாம், இலக்கம் மாற வேண்டுமா?

முன்பெல்லாம் தோட்டத்திலிருக்கும் ஒருவருக்குக் கடிதம் போட வேண்டுமானால், அவருடைய பெயரை எழுதி, தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி, கடைசியில் பூண்டுலோயா என்று முடிப்போம். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டு வந்து கொடுத்தால்தான் உண்டு. லயக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை நமது பக்கத்தில் பலருக்குத் தெரிந்ததுதான்.

இன்று நம்மில் பலருக்கு உண்மையான முகவரி கையடக்கத் தொலைபேசி இலக்கம்தான். கணக்கில் பணம் விழுந்ததை வங்கி அந்த இலக்கத்துக்கே அறிவிக்கிறது. பிரதேச செயலகத்தில் நிரப்பிய படிவத்திலும், பிள்ளையின் பாடசாலைப் பதிவேட்டிலும், அஸ்வெசும விண்ணப்பத்திலும் அதுவே இருக்கிறது. லீக்ஸ், கோவா வாங்குகிற வியாபாரி அந்த இலக்கத்துக்குத்தான் விலை சொல்கிறார். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கமும் அதுதான்.

மண்சரிவினாலோ, வெள்ளத்தினாலோ, கலவரத்தினாலோ, அணைக்கட்டு வேலையினாலோ வீட்டையும் காணியையும் விட்டு வந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது; காணியையும் முடியாது. தொலைபேசி இலக்கத்தை மட்டும் கொண்டு வரலாம். அதைக் கைவிடாமல் காப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பேச்சு.

ஏன் இலக்கம் தொலைகிறது?

ஒரு குடும்பம் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறது. பழைய இடத்தில் நன்றாக வேலை செய்த கம்பனியின் சிக்னல் புதிய இடத்தில் இல்லை. மலைநாட்டில் இது சாதாரணம். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மலைமுகடு வந்தால் போதும், தொடர்பு அறுந்துவிடும். அந்த இடத்தில் வேறொரு கம்பனியின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். கடைக்குப் போய் அந்தக் கம்பனியின் சிம் ஒன்றை வாங்குகிறார்கள். புதிய சிம்முடன் புதிய இலக்கமும் வருகிறது. பழைய சிம் ஒரு டப்பாவுக்குள் போய்விடுகிறது.

சில மாதங்கள் போகின்றன. நீண்ட காலம் பயன்படுத்தாத இலக்கத்தைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டு வேறொருவருக்கு விற்றுவிடும். நட்டஈட்டுப் பட்டியலில் பெயர் வந்திருப்பதாகச் சொல்ல அதிகாரி அழைத்தால், யாரோ அறியாத ஒருவர் பேசுவார். வங்கியின் செய்தியும் அவருடைய கைக்கே போகும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. பாதைகளோடு தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அப்படிப்பட்ட நாட்களில், உறவினர் மறுபடியும் மறுபடியும் அழைத்துப் பார்ப்பது அவர்களுக்குத் தெரிந்த பழைய இலக்கத்தைத்தான்.

தொலைபேசி, சிம், இலக்கம்: மூன்றும் வேறு

இந்த மூன்றையும் நாம் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். தொலைபேசி என்பது கருவி. சிம் என்பது உங்களை இன்ன கம்பனியின் வாடிக்கையாளர் என்று கோபுரத்துக்குக் காட்டும் அட்டை. அதற்குள் நீங்கள் காணாத வேறொரு அடையாள எண் இருக்கிறது. நாம் சொல்லும் 07 என்று தொடங்கும் இலக்கம், கம்பனியின் பதிவேட்டில் அந்த அடையாள எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட ஒரு பெயர் போன்றது.

ஆகவே தொலைபேசியும் சிம்மும் மண்ணுக்குள் போனாலும் இலக்கம் போய்விடவில்லை. தேசிய அடையாள அட்டையோடு அதே கம்பனியின் நிலையத்துக்குப் போனால், பழைய இலக்கத்துக்கே புதிய சிம் தருவார்கள். பதிவேட்டில் ஒரு வரியை மாற்றுவதுதான் வேலை. இது தெரியாமல் புதிய இலக்கம் வாங்கிக்கொண்டவர்கள் நம்மிடையே அதிகம்.

கம்பனியை மாற்றியும் இலக்கத்தை வைத்திருக்கலாமா?

இலக்கம் பதிவேட்டில் எழுதும் பெயர்தான் என்றால், அதை ஒரு கம்பனியின் பதிவேட்டிலிருந்து இன்னொரு கம்பனியின் பதிவேட்டுக்கு மாற்றவும் முடியும். எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான ஒரு பதிவேட்டை வைத்து, இன்ன இலக்கம் இப்போது இன்ன கம்பனியில் இருக்கிறது என்று அதில் குறித்து வைப்பார்கள். யாராவது உங்களை அழைத்தால், இயந்திரம் ஒரு கணத்தில் அந்தப் பதிவைப் பார்த்து அழைப்பை உரிய கம்பனிக்கு அனுப்பும். மேல் டிவிசனில் இருந்தவர் கீழ் டிவிசனுக்குக் குடிபோனதைத் தபால்காரர் தன் புத்தகத்தில் குறித்து வைத்தால், பெயரை மட்டும் பார்த்துக் கடிதத்தைச் சரியான வாசலில் கொடுத்துவிடுவார் அல்லவா? அது போலத்தான்.

சிங்கப்பூரில் 1997இலும் ஹொங்கொங்கில் 1999இலும் இந்த வசதி வந்தது. தென்னாசியாவில் பாகிஸ்தான் 2007இல் தொடங்கியது. இந்தியாவில் 2010 நவம்பர் 25ஆம் திகதி ஹரியானா மாநிலத்திலும், 2011 ஜனவரி 20ஆம் திகதி நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே மாறலாம். 2015 ஜூலை 3ஆம் திகதி முதல் ஒரு மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் இலக்கத்தை வைத்திருக்கலாம் என்றானது. பங்களாதேஷ் 2018இல் இந்த வரிசையில் சேர்ந்தது.

நமது நாட்டில் இதற்குச் சற்றுக் கிட்டிய அனுபவம் ஒன்று உண்டு. 072 என்று தொடங்கும் இலக்கம் வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். செல்டெல் என்றிருந்த கம்பனி டிகோ ஆனது. பிறகு எட்டிசலாட் ஆனது. 2018இல் ஹட்ச் கம்பனியோடு சேர்ந்தது. இலக்கம் மாறவில்லை. 2024இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தபோதும் 075 இலக்கக்காரர்கள் தங்கள் இலக்கத்தை இழக்கவில்லை. ஆனால் அங்கே மாற்றத்தைத் தீர்மானித்தவை கம்பனிகள். நாம் பேசும் வசதியில் தீர்மானிப்பவர் பாவனையாளர்.

தமிழ்நாட்டில் ஒரு பாடம்

ஏர்செல் கம்பனி தமிழ்நாட்டின் கிராமங்களிலும் வேரூன்றியிருந்தது. கடன் பெருகி, கோபுரங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் நிலுவையாகி, 2018 பெப்ரவரியில் பல இடங்களில் அதன் சிக்னல் திடீரென்று நின்றது. அந்த மாத இறுதியில் கம்பனி வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது.

மக்கள் கடைகளின் முன் திரண்டார்கள். பலருடைய வங்கிக் கணக்கும் அரசாங்கப் பதிவும் அந்த இலக்கத்தோடு பிணைந்திருந்தன. வேறு கம்பனிக்கு மாறும் வசதி சட்டப்படி இருந்தது. ஆனால் அதற்குப் பழைய கம்பனியிடமிருந்து ஓர் இரகசியக் குறியீடு பெற வேண்டும். குறுந்தகவல் அனுப்பினால் அந்தக் குறியீடு குறுந்தகவலாகவே திரும்பி வரும். சிக்னலே இல்லாதவர் எப்படிக் குறுந்தகவல் அனுப்புவார்? சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி மக்கள் அலைந்தார்கள். ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தலையிட்டு, குறியீடுகள் 2018 ஏப்ரல் 15 வரை செல்லுபடியாகும்படி செய்ய வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, வசதி இருந்தபடியால்தான் அம்மக்கள் தங்கள் இலக்கத்தைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு, மாறுவதென்றால் பழைய சிம் உயிரோடிருக்கும்போதே மாற வேண்டும். புதிய இடத்துக்குப் போய்ச் சிக்னல் இல்லாமல் தவிப்பதற்கு முன், பழைய இடத்தில் இருக்கும்போதே அல்லது பட்டணத்துக்கு வரும்போதே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி

இலங்கையில் இந்த வசதியைக் கொண்டுவருவது பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பல ஆண்டுகளாகவே பேசி வந்துள்ளது. ஆகவே புதிய சிம் வாங்குவதற்கு முன் கம்பனியின் நிலையத்திலேயே கேளுங்கள்: “எனது பழைய இலக்கத்தை அப்படியே உங்கள் கம்பனிக்குக் கொண்டுவர முடியுமா?”

முடியும் என்றால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நமது பகுதியில் பல சிம்கள் கடைக்காரரின் பெயரிலோ, கொழும்பில் வேலை செய்யும் மகனின் பெயரிலோ, காலமான தகப்பனாரின் பெயரிலோ இருக்கின்றன. பெயர் யாருடையதோ உரிமையும் அவருடையதே. முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

2. பழைய கம்பனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். பாக்கி இருந்தால் மாற விடமாட்டார்கள்.

3. முற்பணமாகப் போட்ட ரீலோட் பணமும் மிச்ச டேட்டாவும் பொதுவாகக் கூட வருவதில்லை. முடித்துவிட்டு மாறுங்கள். தொலைபேசிக் கணக்கில் பணம் வைத்திருப்பவர்கள் அதை முன்னரே எடுத்துவிடுங்கள்.

4. சிம்முக்குள் சேமித்த பெயர்களையும் இலக்கங்களையும் தொலைபேசிக்குள் மாற்றுங்கள். ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். பற்றரி இறங்கினாலும் கொப்பி பேசும்.

5. உங்களுக்கு வரும் குறியீட்டை யாரிடமும் சொல்லாதீர்கள். கம்பனியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். அந்தக் குறியீடு கிடைத்தவர் உங்கள் இலக்கத்தைத் தன் கைக்கு மாற்றி, வங்கியின் செய்திகளையும் வாங்கிவிடலாம்.

6. மாறும் நேரத்தில் தொடர்பு சிறிது நேரம் நிற்கும். நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளிலும், கொடுப்பனவு வரவேண்டிய நாளிலும் மாற வேண்டாம்.

முடியாது என்றால்?

அப்போதும் பழைய இலக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசிகள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. பேசுவதற்குப் புதிய சிம்மை வைத்துக்கொண்டு, பழையதையும் மற்றக் குழியில் போட்டு வையுங்கள். எத்தனை நாட்களுக்கு ஒரு தடவை ரீலோட் செய்தால் இலக்கம் உயிரோடிருக்கும் என்று கம்பனியிடம் கேட்டு, அந்தத் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். வாரச் சந்தைக்குப் போகும்போது சிக்னல் உள்ள இடத்தில் பழைய சிம்மைத் திறந்து, வந்த செய்திகளைப் பாருங்கள். வட்சப் பழைய இலக்கத்திலேயே இருக்கலாம். டேட்டா புதிய சிம்மிலிருந்து போனால் போதும்.

வேறு வழியின்றிப் பழைய இலக்கத்தை விடுவதென்றால், முறையாக விடுங்கள். முதலில் வங்கிக்குப் போய் இலக்கத்தை மாற்றுங்கள். அடுத்து கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் அறிவியுங்கள். பிறகு பாடசாலை, கிளினிக், தோட்டக் கந்தோர், வியாபாரி, உறவினர். இவர்கள் எல்லோரும் புதிய இலக்கத்தில் ஒருமுறை அழைத்த பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும்.

அடையாள அட்டை தொலைந்துவிட்டதென்றால் இவை எல்லாம் தடைப்படும். ஆகவே பொலிசில் முறைப்பாடு செய்து, கிராம உத்தியோகத்தர் ஊடாக மாற்று அட்டைக்கு விண்ணப்பிப்பதே முதல் வேலை. கம்பனி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால், முறைப்பாடு செய்த திகதியைக் குறித்து வைத்து, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அது பாவனையாளரின் உரிமை.

குழுவில் பேசுவோம்

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். நமது குழுவில் எத்தனை பேருடைய சிம் அவரவர் பெயரில் இருக்கிறது? இடம்பெயர்ந்த பிறகு எத்தனை பேருடைய இலக்கம் மாறியது? அவர்களில் எத்தனை பேர் வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்தார்கள்? வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டி வைத்து, பெயர், இலக்கம், சிம்மின் உரிமையாளர் என்று மூன்று நிரலில் ஒரு பட்டியல் எழுதினால், ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

காணிக்கு உறுதி கேட்டு நாம் எத்தனையோ வருடங்களாகக் காத்திருக்கிறோம். இலக்கத்துக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அதை நம் பெயரில் பதிந்து வைத்திருப்பது இன்று நம் கையில் இருக்கிறது.