ஊர்க் குடிநீரும் அரசாங்கப் பணமும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள் தமிழர். மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்டிலேயே வாழ்ந்துவரும் குடும்பம். நான் குடிவந்த முதல் வாரத்திலேயே, "ஏன் தம்பி, இந்த வயசிலேயே பாக்குப் போடுறியா? பல்லெல்லாம் பழுப்பேறிக் கெடக்கே!" என்று கேட்டுவிட்டார். "பாக்கு இல்லீங்கம்மா, எங்க ஊர்த் தண்ணி" என்றேன். அவர் நம்பவில்லை. தண்ணீர் பல்லைக் கறையாக்குமா என்று அவருக்கு ஐயம். விஞ்ஞானம் படிக்கும் மாணவன் அந்த ஐயத்தைத் தீர்க்காமல் விடலாமா? அன்று அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து, நம் சங்க நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதை பல்லில் தொடங்கினாலும், முடிவது அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில்தான்.

என் ஊர் தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே நிலத்தடிப் பாறைகளில் புளோரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. மழை குறைந்த நாட்டில் ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போகும். நீர் எவ்வளவு காலம் பாறையோடு சேர்ந்து கிடக்கிறதோ, அவ்வளவுக்குப் புளோரைடும் அதில் கரையும். குடிநீரில் இலிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அது இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5 தான்.

எல்லை கடந்தால் நேர்வது யாது? குழந்தைக்கு ஏறத்தாழ எட்டு வயது ஆகும்வரை ஈறுக்குள்ளே நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அக்காலத்தில் மிகுதியான புளோரைடு உட்சென்றால் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் கெடுகிறது. பிறகு எவ்வளவு நல்ல நீர் குடித்தாலும் அந்த எனாமல் பழைய நிலைக்குத் திரும்பாது. பல்லாண்டுகள் குடித்தவர்களுக்கோ எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்துவிடும். என் பாட்டி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வருமுன் காப்பதொன்றே வழி. புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். இந்நோயை நம் நாட்டு மருத்துவ உலகம் அறியாததன்று. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இது பரவியிருப்பதை 1937-லேயே ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊருக்கு விடிவு 2013-ல் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக, ஜப்பானியக் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அவ்வாண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. 'புளோரோசிஸ் தணிப்பு' என்னும் சொற்கள் அத்திட்டத்தின் பெயரிலேயே உண்டு. எனக்கு அப்போது வயது பத்துக்கு மேல். என் பற்கள் தம் வேலையை முடித்துவிட்டிருந்தன. என் தங்கை மறு ஆண்டு பிறந்தாள். அவள் சிரித்தால் வெண்முத்துத்தான். ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்குள் இந்த வேறுபாடு! அரசாங்கத்தின் பணம் நல்வழியில் செலவானால் என்ன செய்ய வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. காவிரி நீர் ஊருக்கு வந்ததும் முதலில் தரைமட்டத் தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும். சென்ற கோடையில் அந்த மோட்டாரின் காயில் எரிந்துபோயிற்று. அதைச் சரிசெய்யப் பணம் தேடி, ஆள் தேடி, 19 நாள்கள் கழிந்தன. அந்நாள்களில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரே மேல்நிலைத் தொட்டிக்கு ஏறியது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஆகவே குறைகூறியவர் சிலரே. மோட்டார் சரியான பின்னும், காவிரிப் பங்கு போதாத நாள்களில் இரண்டு நீரையும் ஒரே தொட்டியில் கலப்பது வழக்கமாகிவிட்டது.

கலந்தால் என்ன என்று கேட்கலாம். சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கிணற்று நீரில் இலிட்டருக்கு 3 மில்லிகிராமும், ஆற்று நீரில் 0.3 மில்லிகிராமும் புளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தால் கலவையில் 0.98, கவலையில்லை. சரிபாதி கலந்தால் 1.65, எல்லை கடந்துவிட்டது. கால் பங்கா, அரைப் பங்கா என்பதில் ஒரு தலைமுறையின் பற்கள் அடங்கியிருக்கின்றன. அந்தப் பங்கை அளப்பவர் எங்கள் ஊரில் எவரும் இல்லை. ஆனால் அரசாங்கக் கணக்கில், அந்த 19 நாள்களும் எங்கள் வீடு 'குழாய் இணைப்புப் பெற்ற வீடு'தான்.

இங்கேதான் பணத்தின் வழியை ஆராய வேண்டியிருக்கிறது. கிராமக் குடிநீருக்கு மத்திய அரசாங்கம் பணம் தருவது புதிதன்று. 1972-ல் விரைவுக் கிராமக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. 1999-ல் சீர்திருத்த முயற்சி ஒன்று வந்தது. கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்கையும், பராமரிப்புச் செலவு முழுவதையும் ஊராரே ஏற்க வேண்டும் என்றார்கள். 2002-ல் அதுவே 'சுவஜல்தாரா' என விரிந்தது. 2009-ல் தேசியக் கிராமக் குடிநீர்த் திட்டம் பிறந்தது. அதைத் தணிக்கை செய்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2018-ல் தந்த அறிக்கை படிப்பவர் மனத்தை வருத்தும். 2012 முதல் 2017 வரை 81,168 கோடி ரூபாய் செலவாயிற்று. 2017 இறுதிக்குள் கிராம வீடுகளில் நூற்றுக்கு 35-க்குக் குழாய் இணைப்பு என்பது இலக்கு. கிடைத்ததோ நூற்றுக்கு 17-க்குத்தான்.

பின்னர் 2019 ஆகஸ்டு 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 55 இலிட்டர். மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய். நம் தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற மாநிலங்களில் மத்திய அரசாங்கம் பாதி, மாநில அரசாங்கம் பாதி. தொடக்கத்தில் 3.23 கோடி வீடுகளுக்கே குழாய் இருந்தது. 2025 தொடக்கத்தில் அத்தொகை 15 கோடியைத் தாண்டியது. இது அரிய சாதனை. இதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். ஆனால் 2022-ல் நடந்த அளவாய்வில், போதிய அளவு, ஒழுங்கான நேரம், நல்ல தரம் ஆகிய மூன்றும் சேர்ந்து முழுமையாகப் பயன்தந்த இணைப்புகள் நூற்றுக்கு 62 மட்டுமே எனத் தெரிந்தது.

ஏன் இந்தப் பிளவு? காரணம் எளியது. அரசாங்கம் பெரும்பாலும் குழாய் பதிக்கப் பணம் தருகிறது. குழாயில் நல்ல நீர் நாள்தோறும் வருவதற்குத் தருவதில்லை. குழிதோண்டி, குழாய் புதைத்து, தொட்டி கட்டி, படம் எடுத்து அனுப்பினால் பட்டியல் தீர்கிறது. அதன் பிறகு மின்சாரக் கட்டணம், மோட்டார் பழுது, தொட்டி இயக்குபவரின் சம்பளம், குளோரின் தூள் எல்லாம் ஊராட்சியின் தலையில் விழுகின்றன. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் நூற்றுக்கு 30 பங்கை, குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு போன்றவற்றுக்கென ஒதுக்கியது உண்மையே. ஆனால் அது ஊருக்கு ஊர் வேறுபடும் செலவைப் பார்த்துத் தந்த பணமன்று.

நான் இருக்கும் இந்நகரத்தைப் பாருங்கள். இங்கே குழாயில் வருவதும் அதே காவிரிதான். 1974 முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மோட்டார் பழுதானால் பார்க்கப் பொறியாளர் உண்டு. சோதிக்க ஆய்வுக்கூடம் உண்டு. மாதந்தோறும் கட்டணம் வசூலிக்க 1964-ல் அமைந்த வாரியம் உண்டு. அதே ஆற்று நீரை வாங்கும் என் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ஈடாகத் தொட்டி இயக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் ஒரு சாவி இருக்கிறது.

ஆகவே சீர்திருத்தம் எங்கே வேண்டும்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று கூறுவேன்.

முதலாவது, கட்டுவதற்குத் தரும் பணத்தோடு, நடத்துவதற்கும் பணம் வேண்டும். அதில் ஒரு பகுதியை வந்துசேர்ந்த நல்ல நீரை அளந்து தரவேண்டும். இது கனவன்று. 2017 நவம்பரில் மத்திய அமைச்சரவையே, மாநிலங்களுக்குத் தரும் இரண்டாம் தவணையில் பாதியை, முடிந்த திட்டங்கள் நடக்கின்றனவா என வெளியார் மதிப்பிட்ட பிறகு விடுவிப்பதென முடிவு செய்தது. வெளிநாட்டிலும் சான்றுண்டு. கென்யாவின் கிட்டுயி வட்டாரத்தில், கைப்பம்புகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஓர் உள்ளூர் அமைப்பு ஏற்றது. பம்பின் பிடியில் பொருத்திய சிறு கருவி, அது நின்றுவிட்டதைச் செய்தியாக அனுப்பும். முன்பு ஏறத்தாழ 27 நாள் பிடித்த பழுது, மூன்று நாளுக்குள் தீர்ந்தது. பின்னர், 'பம்பு ஓடிய நாளுக்குப் பணம்' என்ற முறையும் அங்கே வளர்ந்தது.

இரண்டாவது, நீரைச் சோதிப்பவர் வேறு, குழாய் பதிப்பவர் வேறு என்று இருக்கவேண்டும். சோதனைக்குரிய பணமும் தனியாக இருக்கவேண்டும். நீர்த் தரக் கண்காணிப்புக்கு ஜல் ஜீவன் விதிகள் ஒதுக்கீட்டில் நூற்றுக்கு 2 வரை இடம் தந்தன. ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவும் வழி செய்தன. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்டுக்கொருமுறை கிணற்றில் எடுக்கும் மாதிரி, நாளுக்கு நாள் மாறும் கலவைத் தொட்டிக்குப் போதாது. கடைசி வீட்டுக் குழாயில் மாதந்தோறும் மாதிரி எடுத்து, முடிவைத் தொட்டியின் சுவரில் எழுதி வைக்கவேண்டும்.

மூன்றாவது, செலவை நியாயமாகப் பிரிக்கவேண்டும். 1999-ன் முறை, பராமரிப்பு முழுவதும் ஊராருடையது என்றது. காலடியில் நல்ல ஊற்று உள்ள ஊருக்கு அது தகும். பாறையில் புளோரைடு இருப்பது எங்கள் குற்றமா? தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவரும் செலவு அரசாங்கத்துடையதாகவும், ஊருக்குள் பகிர்ந்தளிக்கும் செலவு ஊராருடையதாகவும் இருப்பதே நீதி. நல்ல நீர் நாள்தோறும் வருமானால், மாதம் ஒரு சிறு தொகை கொடுக்க எங்கள் ஊரார் தயங்கமாட்டார்கள். வராத நீருக்குக் கொடுக்கச் சொன்னால்தான் முகம் திருப்புவார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அளந்து பணம் தந்தால், நீர் வராத ஏழை ஊருக்குப் பணமும் நின்று, இருமுறை தண்டனை ஆகாதா? தக்க கேள்வி. பணத்தில் ஒரு பாதி என்றும் நிலையாக வரவேண்டும். மறுபாதியே பயனைப் பொறுத்தது. நிறுத்தப்படும் பணமும் நீர் தரும் பொறுப்பேற்ற துறைக்கோ ஒப்பந்தக்காரருக்கோ நிற்கவேண்டுமேயன்றி, ஊராட்சிக்கு நிற்கக்கூடாது. நீர் தவறிய நாளில் லாரித் தண்ணீர் தருவதும் அவர்கள் கடமையாகவேண்டும்.

பணமே இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. 2024-25-ல் இந்த இயக்கத்துக்கு ஒதுக்கிய 70,163 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் 22,694 கோடியாகக் குறைந்தது. 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில், இயக்கத்தை 2028 வரை நீட்டித்து, கட்டுமானத்தின் தரத்திலும் பராமரிப்பிலும் கருத்துச் செலுத்தப்போவதாக அறிவித்தார்கள். சொல் நன்று, செயலைப் பார்க்கவேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் விடுமுறைக்கு ஊர் செல்பவர்கள். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் 2022 முதல் கிராம சபை கூட ஏற்பாடாகியிருக்கிறது. அங்கே எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் குழாய் நீரைக் கடைசியாகச் சோதித்த தேதி எது? முடிவு என்ன? மோட்டார் எரிந்தால் மறுநாளே சரிசெய்யப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? விடை கிடைக்காவிட்டாலும், கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

என் சித்தப்பா மகனுக்கு இப்போது வயது நான்கு. எங்கள் ஊர்த் தொட்டியின் கலவை நீரைத்தான் குடித்து வளர்கிறான். அவனுடைய நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே இன்று உருவாகிக்கொண்டிருக்கின்றன. திட்டத்தின் கெடுவை 2024-லிருந்து 2028-க்குத் தள்ளிவைக்கலாம். பற்களைச் சற்றுப் பொறுங்கள் என்று சொல்ல எவராலும் இயலாது.