அக்குளில் கிழியும் குர்த்தி... ஒரு சதுரத் துண்டு போதும்!

குர்த்தி புதிதுபோல இருக்கும்; அக்குளில் மட்டும் தையல் விட்டிருக்கும். திரும்பத் தைத்தாலும் திரும்பப் பிரியும். குறை நூலில் இல்லை. கையைத் தூக்கும்போது அங்கே துணி போதவில்லை. இழுப்பெல்லாம் தையல்கள் சந்திக்கும் ஒரே இடத்தில் விழுகிறது.

அங்கே சேர்த்துத் தைக்கும் துண்டுதான் ‘கஸெட்’. அதே கனமுள்ள துணியில், இழை நேராக 4 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். பருத்தி என்றால் முன்பே நனைத்துக் காயவையுங்கள்.

அக்குளிலிருந்து கைப்பக்கம் 3 அங்குலம், இடுப்புப் பக்கம் 3 அங்குலம் தையலைப் பிரியுங்கள். சதுரத்தை டைமண்ட் போலத் திருப்பி, மேல், கீழ் முனைகளைப் பிரிப்பின் இரு கோடிகளிலும், மற்ற இரண்டைக் கைச்சுற்றுத் தையலிலும் பொருத்தி, ஓரம் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள்.

கிராஸ்வாக்கில் துணி தானாகவே கொஞ்சம் நெகிழும். இனி கையும் தாராளமாக உயரும், குர்த்தியும் உழைக்கும்.