ஓய்வுக்குப் பின் ஜீவனாம்சம்



சில ஆண்டுகளுக்கு முன், என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் ஓய்வு பெற்று ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. மணமுறிவுக்குப் பின் முன்னாள் மனைவிக்கு மாதந்தோறும் செலுத்தி வந்த ஜீவனாம்சத்தை, ஓய்வு பெற்ற நாளோடு நிறுத்திவிட்டார். சம்பளம் நின்றது, ஆகவே கடமையும் நின்றது என்பது அவர் போட்ட கணக்கு. நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்த பிறகே அக்கணக்கில் பிழை உண்டோ என ஐயுற்றார். அந்தப் பிழை யாது என்பதை இன்று ஆராய்வோம்.

ஜீவனாம்சம் என்பது தண்டம் அன்று. பிரிந்தவர் பிழைத்திருப்பதற்கு வேண்டிய பொருள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கணவன் மனைவி இருவருள் எவரும் அதனைக் கோரலாம் என்கிறது. ஆணை பிறந்த பின் இருவருள் ஒருவருடைய நிலைமை மாறினால், எவரேனும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் அவ்வாணையைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம் என்றும் அப்பிரிவே கூறுகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இத்தகைய விதி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவில் இருந்த இதையொத்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவாக விளங்குகிறது.

பணி ஓய்வு நிலைமையின் மாற்றமே, ஐயமில்லை. ஆனால் அம்மாற்றம் ஆணையைத் தானே மாற்றிவிடாது. நீதிமன்றம் திருத்தும் வரையில் பழைய தொகை மாதந்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு குறையும்? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாதம் 60,000 ரூபாய் சம்பளம் பெற்றவர் 15,000 ரூபாய் கொடுத்து வந்தார் என்க. இப்பொழுது ஓய்வூதியம் 30,000 ரூபாய். வருவாய் பாதியாயிற்று, ஆதலின் ஜீவனாம்சமும் 7,500 ரூபாய் ஆகிவிடுமா? அவ்வாறு நேர்விகிதக் கணக்காக முடிவதில்லை. தராசுக்குத் தட்டுகள் இரண்டு. ஒரு தட்டில் ஓய்வூதியத்தோடு பணிக்கொடையும் வைப்பு நிதியும் வேறு சொத்தும் ஏறும். முதுமையில் வளரும் அவருடைய மருத்துவச் செலவும் எண்ணப்படும். மறு தட்டில் இருக்கும் அம்மையாருக்கும் வயது ஏறியிருக்கிறது. மருந்துச் சீட்டும் வீட்டு வாடகையும் அவருக்கும் உண்டு, ஓய்வூதியமோ இல்லாதிருக்கலாம். மாறாக, அவர் நல்ல வருவாய் தேடிக்கொண்டிருந்தால், அதுவும் கணக்கில் சேரும். இருவரும் தத்தம் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது.

கொடுப்பதைத் தவிர்ப்பதற்காகவே ஒருவர் முன்கூட்டி விருப்ப ஓய்வு பெற்றால், அவருடைய உழைக்கும் திறனையும் நீதிமன்றம் நோக்கும். ஓய்வூதியத்தைப் பொதுவாகக் கடன்காரர் ஜப்தி செய்ய இயலாது. எனினும் ஜீவனாம்சம் கேட்கும் மனைவி சாதாரணக் கடன்காரர் அல்லர் என்று உயர் நீதிமன்றங்களில் தீர்ப்புகள் உண்டு. மாதத் தொகைக்கு மாற்றாக ஒரே முறையில் முழுத்தொகை பெற்றுத் தீர்த்துக்கொண்டவர்களுக்கோ, இந்த வினா பெரும்பாலும் எழுவதில்லை.

என் நண்பரிடம் இவற்றைச் சொல்லி, வழக்கறிஞரை நாடி மனுச் செய்யுமாறு கூறினேன். நீதிமன்றம் மாதத் தொகையைச் சற்றே குறைத்தது. நின்றுபோன ஆறு மாத பாக்கியைத் தவணைகளில் செலுத்தச் செய்தது. "ஓய்வு பெறும் மாதத்திலேயே மனுக் கொடுத்திருந்தால் இந்தப் பாக்கி சேர்ந்திராதே!" என்று அவர் வருந்தினார். அந்த ஆறு மாதங்களும் அம்மையார் எவ்வாறு அடுப்பு மூட்டினார் என்று நான் கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

மாணவர்களே, திருத்தம் கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு. தாமாகவே நிறுத்திக்கொள்ளும் உரிமை ஒருவருக்கும் இல்லை.