பழைய வேனின் இணைப்புகளுக்கு எந்தப் பசை நல்லது?

மாணவர்களே, ஜெராய் மலையில் மேகம் இறங்கினால் பீடோங்கில் மழை வரப்போகிறது என்று பொருள். வெயிலில் காய்ந்த தகரக் கூரையின் மேல் முதல் மழைத்துளிகள் விழும்போது 'டக் டக்' என்று ஓசை கேட்கும். அது துளி விழும் ஓசை மட்டுமன்று. சூடான தகரம் திடீரெனக் குளிர்ந்து சுருங்கும் ஓசையும் அதில் கலந்திருக்கிறது. இதே சுருக்கமும் விரிவும்தான் பழைய மோட்டார்ஹோம் வண்டிகளுக்குப் பெரிய எதிரி.

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு முதலியவற்றோடு ஓடும் வீடு. 1950இல் ஜெர்மனியில் தயாரிக்கத் தொடங்கிய வோக்ஸ்வேகன் கொம்பி வேன்களில் பல இவ்வாறு மாற்றி அமைக்கப்பட்டன. அவற்றின் உடல் மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பற்றவைத்தது. இரு தகடுகள் சேரும் இணைப்பில் மிகச் சிறிய இடைவெளி இருக்கும். நுண்குழாய் விளைவினால் தண்ணீர் மேல்நோக்கிக்கூட அதனுள் ஏறிவிடும். வெளியே துடைத்தாலும் உள்ளே ஈரம் காயாது, துரு பிடிக்கும். கொம்பியின் இயந்திரம் பின்புறத்தில் இருப்பதால், அப்பக்கத்துத் தகடு துருவேறி ஓட்டை விழுந்தால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே தூங்குபவரின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே இணைப்புகளை அடைக்கும் பசையை, அதாவது சீலண்டை, யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு. சில பழைய மோட்டார்ஹோம்களில் எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். 2 மீட்டர் நீளம், 40 பாகை செல்சியஸ் வெப்ப மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தின் நீள விரிவுக் கெழு சுமார் 0.000023. எனவே 2000 x 0.000023 x 40 = 1.84 மி.மீ. எஃகுக்கு அது சுமார் 0.000012, விடை 0.96 மி.மீ. வேறுபாடு 0.88 மி.மீ. தகட்டின் ஒரு முனையை இறுக்கிவிட்டால், மறுமுனையில் உள்ள 4 மி.மீ. இடைவெளி 22 விழுக்காடு மாறும். 25 விழுக்காடு அசைவைத் தாங்கும் பசை இதற்குப் போதும். 7.5 விழுக்காடு மட்டுமே தாங்கும் பசை சில நாள்களில் கிழிந்துவிடும்.

அடுத்து வேதியியல். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிகோன் சிலவற்றில் காடியின் மணம் அடிக்கும். அது உறையும்போது அசெட்டிக் அமிலம் வெளியாவதே காரணம். தோட்டத்தில் இரப்பர் பாலை உறையவைக்க இன்று பார்மிக் அமிலமும், முன்பு அசெட்டிக் அமிலமும் பயன்பட்டதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த அமிலம் எஃகையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். துருவைத் தடுக்கப் பூசிய பசையே துருவைத் தொடங்கிவைத்தால் எப்படி? மேலும் சிலிகோன்மேல் சாயம் ஒட்டாது.

அப்படியானால் நம் ஊர் இரப்பரே போதாதா? இயற்கை இரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உள்ளன. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கி வெடிப்பை உண்டாக்கும். 1937இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பியூட்டைல் இரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் பியூட்டைல் நாடா பல்லாண்டுகள் மென்மையாகவே இருக்கும். சன்னல் சட்டம் போன்று திருகால் இறுக்கி, பிறகு கழற்ற வேண்டிய இடத்திற்கு இது ஏற்றது.

எஃகுத் தகடுகளின் இணைப்புக்குப் பாலியூரித்தேன் பசை பொருந்தும். இதன் வேதியியலும் 1937இல், ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினரால் தொடங்கியது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறையும்; உறுதியாக ஒட்டும்; மேலே சாயம் அடிக்கலாம். சாயம் அடிக்கவும் வேண்டும், ஏனெனில் வெயிலின் புற ஊதாக் கதிர் இதைக் கெடுக்கும். உறையாத நிலையில் இதில் ஐசோசயனேட் இருப்பதால் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பெரியவர்களே பூச வேண்டும்.

எந்தப் பசையானாலும் துருவின்மேல் பூசக்கூடாது. பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்தெடுத்து, நன்கு உலர்த்தி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே பூச வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

செய்து பாருங்கள்

இரண்டு மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளை எடுங்கள். ஒன்றின் அடியில் சிறிது தண்ணீர், மற்றொன்றில் அதே அளவு காடி ஊற்றுங்கள். ஒரே வகையான புதிய ஆணி இரண்டை நூலில் கட்டி, திரவத்தில் படாமல் தொங்கவிட்டு மூடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பார்த்துக் குறித்து வையுங்கள். இங்கே எதை மாற்றினோம், எதை மாற்றாமல் வைத்தோம்? இந்தக் கேள்விக்கும் விடை எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.