ஐப்பசிக்கு முன்னே தூம்பைப் பாருங்கள்!

குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதி நமக்கு மனப்பாடம். காஸ் எத்தனை நாள் வரும் என்பதும் தெரியும். ஆனால், ஓட்டு ஓரத்தில் மழைத் தண்ணீரை வாங்கிக் கொண்டு போகிற தகரத் தூம்பைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம் என்று யாராவது கேட்டால்? நானும் ஒரு காலத்தில் திருதிருவென்று விழித்தவள்தான்!

எங்கள் வீடு காரைக்குடியில் பழைய காலத்து வீடு. நடுவில் வளவு முற்றம், நாலு பக்கமும் நாட்டு ஓட்டுச் சரிவு, தேக்குக் கைமரங்கள். எங்கள் பக்கம் தண்ணீர் அருமையான சீமை. அதனால் ஓட்டில் விழும் மழையை முற்றத்து அண்டாக்களில் பிடித்து வைப்பது பெரியவர்கள் காலத்து வழக்கம். 2003-ல் மழைநீர் சேகரிப்பை அரசாங்கம் கட்டாயமாக்கியபோது, "இது நாம செய்யறதுதானே!" என்று என் மாமியார் சிரித்தார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் கோட்டை விட்டேன்.

2021 ஐப்பசி. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் எங்களோடுதான் இருந்தாள். பேரனுக்கு நாற்பது நாள். முந்தின வருஷமே தூம்பு ஒரு மூலையில் ஒழுகியது. "மழை விட்டதும் பார்த்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் கீழே ஒரு வாளியை வைத்தேன். உள் சுவரில் ஈரம் பூத்தது. காலண்டரை மாட்டி மறைத்தேன்!

ஒரு நாள் காலை, குழந்தையைக் குளிப்பாட்ட மாமியார் தூளியிலிருந்து எடுத்துப் போனார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, 'தொப்'பென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், முறம் அகலத்துக்குச் சுவர்க் காரை பெயர்ந்து தூளிக்குள் கிடக்கிறது. மகள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

தகர வேலைக்காரர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். குழாய் வாயில் வேப்பஞ் சருகும் அணில் கூடும் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறி, கைமர நுனியை நனைத்து, சுவருக்குள் இறங்கியிருக்கிறது. "விரலால அழுத்தினாலே உதிருது பாருங்க, ஆச்சி" என்று காட்டினார். தூம்புக்கு ஆனதைப் போல் பல மடங்கு, மர வேலைக்கும் பூச்சுக்கும் ஆயிற்று.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஐம்பது சதுர மீட்டர் கூரையில் இருபது மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர்! தூம்பு அடைத்தால் அத்தனையும் எங்கே போகும்?

இப்போது நான் தவறாமல் செய்வது இதுதான்:

* புரட்டாசியிலேயே ஆளைக் கூப்பிட்டு விடுகிறேன். மழை தொடங்கிய பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது. அடிக்கு எவ்வளவு, பழைய தகரத்தைக் கழற்றும் கூலி அதில் சேருமா, உடைந்த ஓட்டை மாற்றித் தருவார்களா என்பதை முதலிலேயே பேசி விடுவது நல்லது.

* வேலை முடிந்ததும் தூம்பின் மேல் கோடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எங்கும் தேங்காமல் ஓட வேண்டும். பத்தடி நீளத்துக்கு அரை அங்குலச் சரிவாவது தேவை.

* இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் மூலையைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

* குழாய் வாயில் கம்பி வலை போட்டால் சருகு இறங்காது. ஆனால் வலை மேல் சேருவதை மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை எடுக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பத்து நாளுக்குள் கொசுவாகி விடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

* முதல் மழையைப் பிடிக்காதீர்கள். அது ஓட்டைக் கழுவிய அழுக்குத் தண்ணீர். பிறகு பிடிப்பதை மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வையுங்கள். குடிக்க வேண்டுமானால் காய்ச்சித்தான்.

* ஏணியில் நீங்களே ஏறாதீர்கள். பழக்கப்பட்டவர் ஏறட்டும்; கீழே ஒருவர் பிடித்துக் கொள்ளட்டும்.

பேரன் இப்போது அதே முற்றத்தில் காகிதக் கப்பல் விடுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கால் மணி நேரம் நினைவுக்கு வருகிறது. சகோதரிகளே, வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்பது முதலில் நம் கண்ணில்தான் படும். சுவரில் ஈரம் தெரிந்தால் காலண்டர் மாட்டாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்!