முதியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது புரோபயாட்டிக் கொடுக்கலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

வீட்டில் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், மறுநாளே ஆரம்பிக்கும் கவலை சாப்பாடுதான். "ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது" என்பார்கள். கூடவே ஆன்டிபயாட்டிக் ஏறினால் வயிற்றுப்போக்கும் வரலாம். உடனே யாராவது ஒருவர், "புரோபயாட்டிக் வாங்கிக் குடுங்க, எதிர்ப்பு சக்தி ஏறும்" என்று சொல்வார். கொடுக்கலாமா?

புரோபயாட்டிக் என்றால் என்ன?

போதுமான அளவில் எடுத்துக்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள்தான் புரோபயாட்டிக். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகியவை பாக்டீரியா. சக்கரோமைசஸ் பவுலார்டி ஒரு ஈஸ்ட். ஒன்று செய்வதை இன்னொன்றும் செய்யும் என்று சொல்ல முடியாது. வீட்டுத் தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா இருக்கு. ஆனால் எந்த வகை, எவ்வளவு என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும்.

ஆன்டிபயாட்டிக் எடுத்தால் ஏன் வயிறு கெடுகிறது?

ஆன்டிபயாட்டிக் நோய்க்கிருமியோடு குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கிறது. அந்த காலி இடத்தில் 'சி. டிஃபிசில்' என்ற கிருமி பெருகினால் கடுமையான வயிற்றுப்போக்கு வரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். போன இடத்தை நல்ல பாக்டீரியாவால் நிரப்பிவிடலாமே என்பதுதான் புரோபயாட்டிக் கொடுப்பதன் லாஜிக்.

பலன் இருக்கா?

2007-ல் லண்டனில் 135 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் நல்ல ரிசல்ட் வந்தது. புரோபயாட்டிக் பானம் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், குடிக்காதவர்களில் 34 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது.

ஆனால் 2013-ல் 'லான்செட்' இதழில் வெளியான பெரிய ஆய்வு கதையை மாற்றியது. வேல்ஸ், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 2,900-க்கும் அதிகமானோருக்கு 21 நாள் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 10.8 சதவீதம், வெறும் கேப்ஸ்யூல் எடுத்தவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு. அதாவது வித்தியாசமே இல்லை.

எதிர்ப்பு சக்தி? பிரிட்டன் முதியோர் இல்லங்களில் 310 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. தினமும் புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கும் ஆன்டிபயாட்டிக் தேவை குறையவில்லை.

யாருக்கு ஆபத்து?

"நல்லது செய்யலைன்னாலும் கெட்டது செய்யாதுல்ல?" என்று கேட்கலாம். செய்யலாம் என்பதுதான் பதில். நெதர்லாந்தில் தீவிர கணைய அழற்சியோடு இருந்தவர்களுக்கு புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது. புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள்.

ஈஸ்ட் வகை ரத்தத்தில் கலந்து தொற்று உண்டாக்கிய சம்பவங்களும் உண்டு. அதனால் ஐசியு நோயாளிகள், கழுத்து அல்லது மார்பு வழியாக சென்ட்ரல் லைன் போட்டவர்கள், கீமோதெரபி போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். பக்கத்து படுக்கையில் அப்படி ஒருவர் இருந்தால், வார்டுக்குள் அந்த பாக்கெட்டைப் பிரிப்பதே ரிஸ்க்.

அப்போ என்ன செய்யலாம்?

* டாக்டரிடம் சொல்லாமல் எந்த பவுடரும் கேப்ஸ்யூலும் கொடுக்காதீங்க.
* டாக்டரே எழுதித் தந்தால், எந்த வகை, எத்தனை நாள் என்று கேட்டுக்கோங்க.
* முதலில் புரதத்தைப் பாருங்க. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு குறைந்தது 1 கிராம் தினமும் தேவை. 60 கிலோ என்றால் 60 கிராம். முட்டை, பருப்பு, பால், மீன் எதிலிருந்தும் வரலாம். கிட்னி பிரச்சினை இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்லணும்.
* ஒரே வேளையில் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக பல முறை கொடுங்க. பல்செட் வீட்டிலேயே இருந்துவிட்டதா என்றும் பாருங்க.
* தயிர் சாதம் பொதுவாக கொடுக்கலாம். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளோடு சேர்த்து வேண்டாம். தயிரில் உள்ள கால்சியம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.
* வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் நீங்களாக மாத்திரை கொடுத்து நிறுத்தாமல், உடனே நர்ஸிடம் சொல்லுங்க. அது சி. டிஃபிசிலா என்று டெஸ்ட் செய்ய வேண்டியிருக்கலாம்.